நான்காவது மோசமான நாள்

பிரேம் கடைக்காரர் யார் வம்புக்கும் போகாத மனிதர். படத்தைக் கொடுத்தால் அளவெடுப்பார், கண்ணாடி வெட்டுவார், சட்டம் அடிப்பார், துடைத்துக் கொடுப்பார். வாங்கிப் போனவர் வீட்டுச் சுவர் கோணலாக இருந்து படம் சாய்ந்து தொங்கினால்கூட, "என் கைதான் எங்கயோ தப்பிடுச்சு" என்று திரும்ப வாங்கிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் ஆயுளில் ஒரே ஒரு புகார் கொடுத்தார். அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

புகார் அவர் மனைவியின் மூச்சைப் பற்றியது. கீழே கடை, மேலே வீடு. மனைவி மாடி ஜன்னலில் நின்றாள் என்றால் தெருவே நிமிர்ந்து பார்க்கும். பால்காரனைத் திட்டி, எதிர்வீட்டுக்காரியிடம் ஊர்க்கதை கேட்டு, கீழே கடையில் இருக்கும் கணவருக்கு வாங்கிவர வேண்டிய சாமான்களைச் சொல்லி, நடுவில் எங்கும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் பேசி முடிப்பாள். போன வருஷத்திலிருந்து வெயில் காலம் வந்தால் அந்த மூச்சு நடுவிலேயே அறுந்துபோகும். மதியம் ஆனதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள்.

டாக்டர் நல்லவர், சுற்றி வளைக்கவில்லை. "வண்டிப் புகை, பெயின்ட் வாடை, பெட்ரோல் ஆவி இதெல்லாம் வெயில்ல வெந்து மதியத்துக்கு மேல ஓசோன்னு ஒரு வாயு ஆகுது. உங்க நெஞ்சுக்கு அது ஆகாது. வெயில் இறங்கற வரைக்கும் வேற ஊருக்குப் போயிடுங்கம்மா" என்றார். மலை ஊரில் அவளுடைய தங்கை இருந்தாள். தனி அறை, பெரிய ஜன்னல், எப்போது வேண்டுமானாலும் வா என்று அழைத்துக்கொண்டே இருப்பவள்.

மனைவி அன்றைக்கே பையை எடுத்துத் துணி அடுக்கிவிட்டாள். கணவருக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"கொஞ்சம் பொறு. போறதுக்கு முன்னாடி ஒரு புகார் எழுதிக் கொடுத்துட்டுப் போவோம். நாம பேசாம போயிட்டா இங்க இப்படி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"தெரிஞ்சு?" என்றாள் அவள்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். கிளம்பிப் போனார்.

காற்றுத் தரநிலை எட்டும் திட்ட இயக்ககம் ஆறாவது மாடியில் இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் திறக்க முடியாதபடி ஒட்டப்பட்டிருந்தன. மூலையில் ஒரு சின்ன டப்பா நிமிஷத்துக்கு ஒரு முறை எலுமிச்சை வாசனையைப் பீய்ச்சியது. சுவர் முழுக்க வண்ண வண்ணக் கோடுகள் போட்ட வரைபடங்கள். கோடுகள் எல்லாமே போன வருஷம் வரை மேலே ஏறி, வரும் வருஷத்திலிருந்து கீழே இறங்கின. ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் வரைவார்களாம்.

இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் 'அதாவது'. அந்தச் சொல் இல்லாமல் அவரால் வாயைத் திறக்க முடியாது.

"அதாவது, உங்க சம்சாரத்துக்கு மூச்சு முட்டுதுங்கறீங்க. அது உங்க அபிப்பிராயம்."

"அவளோட அபிப்பிராயங்க."

"யாரோடதா இருந்தா என்ன? அதாவது, அபிப்பிராயத்த வச்சுக்கிட்டு அரசாங்கம் ஒண்ணும் பண்ண முடியாது. எங்களுக்கு எண் வேணும். எழுபதுக்குக் கீழ இருந்தா நல்ல காத்து. எழுபதுக்கு மேல இருந்தா கெட்ட காத்து. நகரத்துக்குன்னு ஓசோன அளக்கற ஒரு அளவி இருக்கு, அது இதுவரைக்கும் எழுபதத் தாண்டினதே இல்ல."

"அது எங்க இருக்குங்க?"

"குளிர்பதனக் கிடங்குல."

கடைக்காரர் தலையை ஆட்டினார். படித்தவர்கள் வைத்த இடம், ஏதாவது காரணம் இருக்கும்.

அந்த வருஷம் பார்த்து மேலிடத்திலிருந்து ஒரு கட்டளை வந்திருந்தது. அளவியை மக்கள் வசிக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அதிலும் மூச்சுக் கோளாறு உள்ள ஒருவராவது வசிக்கும் கட்டடமாக இருக்க வேண்டும். அப்படி ஒரு கட்டடம் எங்கே கிடைக்கும் என்று இயக்ககமே மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த சமயத்தில் இவர் தானாக நடந்து வந்து சேர்ந்தார். இயக்குநர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அதாவது, உங்க சம்சாரம் ஒரு நோயாளி இல்ல, சார். இந்த நகரத்தோட சொத்து."

ஒரே வாரத்தில் மொட்டைமாடியில் பீரோ அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி ஏறியது. அதன் மூக்கு மாதிரி ஒரு குழாய் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. கடையின் பெயர்ப்பலகையை இறக்கிவிட்டு அந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் எண் காட்டும் பலகை ஒன்றை மாட்டினார்கள். கடைக்காரருக்குக் கழுத்தில் ஓர் அட்டை: 'மக்கள் பிரதிநிதி, திட்டக் குழு'. பிறந்ததிலிருந்து யாரும் அவரை எதற்கும் பிரதிநிதி ஆக்கியதில்லை. கண்ணாடி முன்னால் நின்று அட்டையை நேராக்கிப் பார்த்துக்கொண்டார்.

முதல் நாளே பலகை எண்பத்தொன்பது காட்டியது. அவர் மாடிப்படி ஏறி ஓடினார். "பாத்தியா, நான் சொன்னேன்ல. காத்து கெட்டுத்தான் இருக்கு. இனிமே எவனும் இல்லைங்க முடியாது."

"எனக்கு... பலகை பாத்துத்தான்... தெரியணுமா?" என்று மூன்று தவணையாகக் கேட்டாள் மனைவி. கேட்டுவிட்டுப் பையைக் கையில் எடுத்தாள்.

செய்தி எப்படிப் போனதோ, இயக்குநர் வாசலில் வந்து இறங்கிவிட்டார். பையைத் தானே வாங்கிக் கீழே வைத்தார்.

"அம்மா, அதாவது, நீங்க போயிட்டா இந்தக் கட்டடத்துல மூச்சுக் கோளாறு உள்ளவங்க யாரும் இல்லன்னு ஆயிடும். இடம் செல்லாது. அளவிய எடுக்கணும். திட்டம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இந்த நகரத்துல உங்கள மாதிரி மூச்சு முட்டறவங்க லட்சம் பேர் இருக்காங்க. அவங்கள நெனைச்சுப் பாருங்க. ஒரே ஒரு சீசன்."

"அந்த லட்சம் பேர்ல... ஒருத்தர் வீட்டுல... வைங்களேன்" என்றாள் அவள்.

"அவங்க யாரும் புகார் குடுக்கலையேம்மா."

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் கழுத்து அட்டையைத் தடவிக்கொண்டே, "ஒரு சீசன்தானேம்மா. பெரியவர் வீடு தேடி வந்து கேக்கறாரு" என்றார். அவள் பையைக் கட்டில் அடியில் தள்ளினாள். துணியை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

திட்டக் குழு முதல் தடவை கூடிய அரங்கத்தின் முன்னால் வண்டி நிறுத்த இடமில்லை. ஆளுக்கு ஒரு வண்டியில் வந்திருந்தார்கள். ஓட்டுநர்கள் வெயிலுக்குப் பயந்து ஏசி போட்டு எஞ்சினை ஓடவிட்டபடி உள்ளேயே தூங்கினார்கள். மேடையில் பெயின்ட் ஆலை முதலாளி, வண்டி விற்பனையாளர் சங்கத் தலைவர், பெட்ரோல் பங்க் சங்கத்துக்காரர், ஓரமாக நம் கடைக்காரர். காற்றைப் பற்றி நிஜமாகவே தெரிந்தவர் அந்த இயக்ககத்தில் ஒருவர்தான், விஞ்ஞானி அம்மா. அதனால் அவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள்.

இயக்குநர் முதலில் விதியை விளக்கினார்.

"அதாவது, ஒரு நாளோட எண்ணுங்கறது அந்த நாளோட மோசமான எட்டு மணி நேரச் சராசரி. ஒரு வருஷத்துல மிக மோசமான நாள் எதுவோ, அத நாம பாக்க மாட்டோம். ரெண்டாவது மோசமான நாளையும் பாக்க மாட்டோம். மூணாவதையும் விட்டுடுவோம். நாலாவது மோசமான நாள் எழுபதுக்குக் கீழ இருந்தா நகரம் பாஸ். மனுஷன்னா கெட்ட நாள் இருக்கத்தான் செய்யும். நகரமும் மனுஷன் மாதிரிதானே. இதுல ஒரு கருணை இருக்கு."

கைதட்டல் ஓய்ந்ததும் கடைக்காரர் மெல்ல எழுந்தார். "ஐயா, அந்த மூணு நாளும் மூச்சு விட்டவங்க...?"

"அவங்களும் கணக்குல வர மாட்டாங்க. கவலைப்படாதீங்க" என்றார் இயக்குநர். கடைக்காரர் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

அடுத்தது, எண்பத்தொன்பதை எழுபதுக்குக் கொண்டுவருவது எப்படி என்பது. வண்டிகளைக் குறைக்கலாமா என்று யாரோ பேச்செடுத்தார்கள். எல்லாரும் வாசலில் நிற்கும் தங்கள் வண்டியை நினைத்துக்கொண்டார்கள்; பேச்சு அப்படியே அமுங்கியது. பெயின்ட் ஆலை முதலாளி எழுந்து, "எங்க ஆலை மேல பழி போடாதீங்க. மரங்களும் ஆவி விடுதுன்னு சயின்ஸே சொல்லுது. மரத்த மட்டும் ஒருத்தனும் கேள்வி கேக்கறதில்ல" என்று நா தழுதழுக்கப் பேசினார். இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. மரத்துக்குச் சங்கம் கிடையாது, தலைவர் கிடையாது, மேடையில் நாற்காலியும் கிடையாது.

மறுநாள் காலையில் ரம்பத்தோடு ஆட்கள் வந்து கடை வாசலில் நின்ற மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். மாடி ஜன்னலுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்த மரம். அன்று மதியம் வெயில் நேராக மனைவியின் கட்டிலில் வந்து விழுந்தது. எண் தொண்ணூற்று நாலுக்கு ஏறியது. மரம் இருந்திருந்தால் இன்னும் ஏறியிருக்கும் என்று இயக்ககம் அறிக்கை விட்டது.

அடுத்து 'மூச்சு ஒழுங்கு' என்று வழவழ தாளில் ஒரு கையேடு. மதியம் முதல் மாலை வரை ஆழமாக மூச்சு விடுவதைப் பொதுமக்கள் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாதவர்கள் சிறு சிறு மூச்சாக விட வேண்டும். அட்டைப்படத்துக்கு மனைவியை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். "அம்மா கொஞ்சம் சிரிங்க" என்றான் படம் எடுத்தவன். சிரிக்கவும் மூச்சு வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. முதல் பிரதியை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் அதை விசிறியாக வைத்துக்கொண்டாள். அந்த இயக்ககம் அவளுக்குச் செய்த உபகாரம் என்று சொன்னால் அது ஒன்றுதான்.

குழுவின் அடுத்த கூட்டத்தில் எல்லார் முகத்திலும் களை இல்லை. நகரம் தேறாவிட்டால் மேலிடம் இயக்ககத்தையே மூடிவிடும் என்று பேச்சு. அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து விஞ்ஞானி அம்மா கையைத் தூக்கினார். பாவம், எச்சரிக்கத்தான் எழுந்தார்.

"சார், அளவி பக்கத்துல டீசல் வண்டி எதுவும் நிக்காமப் பாத்துக்கணும். டீசலோட புதுப்புகை பக்கத்துல இருக்கற ஓசோன அப்படியே தின்னுடும். எண் பொய்யாக் கொறைஞ்சு காட்டும்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அதாவது, டீசல் புகை ஓசோன அழிக்குது."

"பக்கத்துல மட்டும், சார். அப்புறம் அதே புகை காத்தோட போய், வெயில்ல வெந்து, நாலு தெரு தள்ளி ரெண்டு மடங்கு ஓசோனா ஆகும்."

"நாலு தெரு தள்ளி நமக்கு அளவி இருக்கா?"

"இல்ல, சார்."

"அப்ப அங்க ஓசோன் இருக்குங்கறது உங்க அபிப்பிராயம்."

"சார், அந்தப் புகையே நெஞ்சுக்கு விஷம்."

"அதாவது, விஷத்துக்குத் தனி இயக்ககம் இருக்கும்மா. அவங்க வேலைல நாம மூக்க நுழைக்கறது நாகரிகம் இல்ல."

அடுத்த கூட்டத்தில் விஞ்ஞானி அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திட்டத்துக்கு 'நடமாடும் ஓசோன் ஒழிப்புப் படை' என்று பெயர் வைத்ததே அவர்தானாம்.

படை வந்து இறங்கியது. குப்பை லாரி, தண்ணீர் லாரி, செங்கல் லாரி என்று காயலான் கடைக்குப் போக வேண்டிய கிழட்டு வண்டிகளாகத் தேடிப் பிடித்து, காலை முதல் பொழுது சாயும் வரை கடை வாசலில் வரிசையாக நிற்கவைத்து, எஞ்சினை மட்டும் ஓடவிட்டார்கள். எந்த வண்டி அதிகமாகக் கரும்புகை கக்குகிறதோ அதற்கு அளவியின் குழாய்க்கு நேர் கீழே இடம். தெருவில் ஒவ்வொரு ஜன்னலாக மூடிக்கொண்டது. கண்ணாடியை எத்தனை துடைத்தாலும் மறுநிமிஷம் கரி படிந்தது. பலகையில் எண் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கியது: எண்பது, எழுபத்திரண்டு, அறுபத்தாறு. அதற்கு முந்திய எண்களையெல்லாம் சோதனை ஓட்டம் என்று தள்ளிவிட்டு, வருஷக் கணக்கை அன்றிலிருந்து தொடங்கியது இயக்ககம்.

கடைக்காரருக்கு முதலில் குழப்பமாகத்தான் இருந்தது. தொண்டை எரிகிறது, கண்ணில் நீர் வடிகிறது, பலகையோ காற்று சுத்தம் என்கிறது. ஆனால் பலகையை வைத்தவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள். தொண்டை என்ன படித்திருக்கிறது?

மனைவிக்கு இப்போது பேச்சே போய்விட்டது. மாடியிலிருந்து கூப்பிட முடியாததால் துடைப்பக் கட்டையால் தரையைத் தட்டுவாள். கீழே கடையில் அவர் தலைக்கு மேல் டொக் டொக் என்று கேட்கும். உடனே மருந்தோடு ஓடுவார். அவள் வாயைத் திறந்தால் வருவது ஒரு சொல்தான்.

"தங்கச்சி."

"போலாம்மா. இந்த மாசம் முடியட்டும். எல்லாம் முடியற நேரம்."

ஒரு நாள் தண்ணீர் லாரிக்காரர் மாடியிலிருந்து வரும் இருமலைக் கேட்டுப் பொறுக்கமாட்டாமல் எஞ்சினை அணைத்தார். "பாவம்ண்ணே, அந்தம்மா கொஞ்ச நேரம் தூங்கட்டும்." கடைக்காரருக்கு அதைக் கேட்டுக் கண் கலங்கியது. அதற்குள் பலகை எழுபத்தொன்றைத் தொட்டது. கடையில் போன் அடித்தது. போனில் என்ன சொன்னார்களோ, கடைக்காரர் வெளியே வந்து தயங்கித் தயங்கி, "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. வண்டிய ஆஃப் பண்ணாதீங்க" என்றார். லாரிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருகினார். அதன்பின் எந்த வண்டி ஓய்ந்தாலும் போன் வரும்வரை கடைக்காரர் காத்திருக்கவில்லை. தானே வெளியே போய்ச் சொல்லிவிடுவார். எண் எழுபதை நெருங்கினால் அவருக்கே நெஞ்சு படபடத்தது.

விதி கொடுத்த மூன்று கருணை நாட்களும் ஒவ்வொன்றாகச் செலவாகின. டீசல் வந்து சேராமல் ஒரு நாள். ஓட்டுநர்கள் எல்லாரும் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டதில் ஒரு நாள். மூன்றாவது, அமைச்சர் சுத்தக் காற்றைப் பார்வையிட வந்த நாள். அவர் வெள்ளை உடையில் கரி பட்டுவிடக் கூடாது என்று லாரிகளை ஊருக்கு வெளியே ஓட்டிவிட்டார்கள். அமைச்சர் பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, "இந்தக் காற்று நம் பிள்ளைகளின் காற்று" என்று தொண்டை கட்டும்வரை பேசினார். அவர் முதுகுக்குப் பின்னால் எண் எழுபத்தெட்டு, எண்பத்து மூன்று என்று ஏறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் மேடையில் கைதட்டினார். அவர் மனைவி மாடியில் தரையைத் தட்டினாள்.

"அதாவது, மூணும் காலி" என்றார் இயக்குநர் மறுநாள், விரலை ஆட்டி. "இனிமே ஒரு நாள் தப்பினாலும் அதுதான் நாலாவது. நாலாவது போச்சுன்னா நகரமே போச்சு. மாசக் கடைசியோட சீசன் கணக்கு முடியுது, அதுவரைக்கும் ஜாக்கிரதை."

வெற்றி நிச்சயம் என்று நகரத்துக்குச் 'சுத்தக் காற்று' சான்றிதழ் முன்கூட்டியே அச்சாகி வந்துவிட்டது. ஒரு ஆள் உயரம். அதற்குச் சட்டம் அடிக்கும் வேலை கடைக்காரருக்கே. அவர் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சட்டம் அடித்ததில்லை. நல்ல தேக்காகப் பார்த்து வாங்கி, மூலை இம்மியும் பிசகாமல் சேர்ந்து உட்கார வேண்டும் என்று குனிந்த தலை நிமிராமல் இழைத்தார். வெளியே லாரிகள் எல்லாம் ஒன்றாக உறுமிக்கொண்டிருந்தன. கடை அதிர்ந்தது, ஆணி டப்பா அதிர்ந்தது, தலைக்கு மேல் கூரையும் அதிர்ந்தது. அந்த அதிர்வில் எது எஞ்சின், எது துடைப்பக் கட்டை என்று பிரித்துக் கேட்க யாராலும் முடிந்திருக்காது. அவரும் அப்படித்தான் பிற்பாடு தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

வெயில் இறங்கியதும் லாரிகள் கிளம்பின. சட்டம் அருமையாக வந்திருந்தது. அதைக் காட்டுவதற்காக மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே மாடி ஏறினார். அவள் கட்டிலை ஒட்டித் தரையில் சாய்ந்திருந்தாள். பை மடியில் இருந்தது. கையில் துடைப்பக் கட்டை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் தரையின் சிமென்ட் பொடிந்து சின்னக் குழி விழுந்திருந்தது. அவர் அந்தக் குழியைத் தடவிப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதார்.

மறுநாள் காலையில் தங்கை வந்து சேர்ந்தாள். வந்தவள் அழவில்லை, அக்கா மடியில் வைத்திருந்த பையைப் பிரித்து, மடிப்புக் கலையாத துணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "எப்பலேர்ந்து அடுக்கி வச்சிருந்தாங்க, மாமா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலைகுனிந்தார்.

லாரிக்காரர்கள் விஷயம் கேள்விப்பட்டு, யார் சொல்லியும் கேட்காமல், வண்டியைத் தெருவுக்குள் கொண்டுவர மறுத்துவிட்டார்கள். தண்ணீர் லாரிக்காரர் நடந்து வந்து வாசலில் கைகட்டி நின்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு தெரு அமைதியாக இருந்தது. ஜன்னல்கள் திறந்தன. மரம் இல்லாத வாசலில் வெயில் காய்ந்தது. பலகை அறுபத்து நாலு காட்டியது.

இயக்குநர் மலர்வளையத்தோடு வந்தார். பின்னாலேயே விஞ்ஞானி அம்மா. இயக்குநர் உடலுக்கு முன்னால் நின்று, குரல் கம்ம நாலு வார்த்தை பேசினார்.

"அதாவது, இவங்க போகல. நம்ம தரவுகள்ல இருக்காங்க. கடைசி மூச்சு வரைக்கும் இந்த இடத்த விட்டுப் போகாம, இந்த இடத்தோட தகுதியக் காப்பாத்தினாங்க. இவங்க மறைவால இந்தக் கட்டடம் தகுதி இழந்துடுமோன்னு நான் ராத்திரி பூரா தூங்கல. நல்லவேளையா விதியப் பாத்தோம். உடல் இந்த இடத்துல இருக்கற வரைக்கும் அவங்க இங்க வசிக்கறதாத்தான் அர்த்தம்."

பேசி முடித்துக் கடைக்காரரோடு கீழே இறங்கியதும் அவர் கண் பலகைப் பக்கம் போனது. அறுபத்தெட்டு. கடைக்காரரைக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா இன்னிக்குத்தான் கணக்கோட கடைசி நாள், லாரியும் இல்ல. மூணு நாளும் தீந்துபோச்சு. அதாவது, இன்னிக்குத் தாண்டிச்சுன்னா இதுதான் நாலாவது மோசமான நாள். உங்க சம்சாரம் போன துக்க நாள வச்சு நகரம் ஃபெயில்னு ஆகலாமா? அவங்க பேருக்கு அது நல்லாவா இருக்கும்?"

கடைக்காரர் பேந்தப் பேந்த விழித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிணவண்டி வந்தது. பழைய டீசல் வண்டி. பின்னால் புகை குபுகுபுவென்று வந்தது. குழாய்க்கு நேர் கீழே வந்து நின்றது. இயக்குநர் முகம் மலர்ந்தது. விஞ்ஞானி அம்மா நிமிர்ந்து பார்த்தார். அறுபத்தொன்பதிலிருந்து எண் அறுபத்தேழுக்கு இறங்கியது.

வண்டிக்காரர் மரியாதை தெரிந்தவர். துக்க வீட்டு வாசலில் எஞ்சின் சத்தம் கேட்கக் கூடாது என்று சாவியைத் திருகி அணைத்தார். தெரு மறுபடி அமைதியானது. தங்கையும் நாலு பெண்களுமாக உடலை மாடிப்படியில் மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தார்கள். பலகை அறுபத்தெட்டு என்றது. பிறகு அறுபத்தொன்பது. இயக்குநர் வாயைத் திறந்தார். ஆனால் அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டியிடம் போனார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கழுத்தில் அட்டை தொங்கியது.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க" என்றார். "வண்டிய ஆஃப் பண்ணாதீங்க."

வண்டிக்காரருக்கு விளங்கவில்லை. "ஏத்திட்டுக் கிளம்பிடறேங்க, ரெண்டு நிமிஷம்."

"கிளம்பவும் வேண்டாம். வெயில் இறங்கட்டும்."

தங்கை படியிலேயே நின்றுவிட்டாள். "மாமா, அக்கா போயிட்டாங்க. யாருக்காக இது?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கையிலிருந்த உடலையும் பார்க்கவில்லை. தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தார். "எழுபதத் தாண்டக் கூடாதும்மா" என்றார்.

எஞ்சின் மறுபடி உறுமியது. இறக்கிய உடலைக் கடைக்குள் கொண்டுவந்து, வேறு இடம் இல்லாமல், கண்ணாடி வெட்டும் மேசைமேல் கிடத்தினார்கள். சுவரில் தேக்குச் சட்டத்துக்குள் சான்றிதழ் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வாசல் வழியே புகை உள்ளே வந்து வெள்ளைத் துணியில் கருப்பாகப் படியப் படிய, தங்கை அதைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள். பொழுது மெல்ல நகர்ந்தது.

மஞ்சள் வெயில் எதிர்ச்சுவரை விட்டு இறங்கியதும் இயக்குநர் வெளியே போய்ப் பலகையை ஒரு தடவை பார்த்தார், விஞ்ஞானி அம்மாவை ஒரு தடவை பார்த்தார். அவர் தலையசைத்தார். எட்டு மணி நேரச் சராசரி அறுபத்தொன்பது. நகரம் தேறிவிட்டது. இயக்குநர் உள்ளே வந்து கடைக்காரரின் தோளில் அன்பாகக் கை வைத்தார்.

"அதாவது, இனிமே நீங்க எடுத்துக்கலாம்" என்றார்.